குதிகால் சத்தம்

இந்த அறை ட்யூப் லைட்டுக்கு ஸ்டார்ட்டர் போய்விட்டது, சார். இப்படியே துடித்துக்கொண்டிருந்தால், எழுதிக்கொண்டிருக்கும் இந்த அம்மாவுக்குச் சாயங்காலத்துக்குள் தலைவலி வந்துவிடும். பெரிய வேலை இல்லை. பழையதைத் திருகி எடுத்துவிட்டுப் புதிதை மாட்ட வேண்டியதுதான். எனக்கு விளக்கோடுதான் குடும்பம் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஒரு பல்பு உயிரை விடப்போகிறது என்றால் எனக்கு முந்தின நாளே தெரிந்துவிடும்.

நீங்கள் கூப்பிடாமல் நானாகத்தான் வந்தேன். நேற்று எங்கள் நாடகக் குழு நெட்டையை மறுபடி வரச் சொல்லி விசாரித்தீர்களாம். அவனைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. கயிற்றை இழுத்துக் கட்டியது அவன்தான், அதை அவனே சொல்லியிருப்பான். ஆனால் அன்றைக்கு மேடையில் நின்ற நாலு பேருக்கும் ஒன்றும் தெரியாது. விஷயம் தெரிந்தவர்கள் நானும் என் கொழுந்தனும்தான். அவன் செத்துப்போய்விட்டான். அதனால் நான்தான் சொல்ல வேண்டும்.

என் கொழுந்தனை நாங்கள் பொடியன் என்று கூப்பிடுவோம். எந்த வீட்டு நிலைப்படியிலும் குனிந்துதான் நுழைவான், அவ்வளவு உயரம். ஆனாலும் பொடியன்தான்.

எங்கள் குழு சின்னது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். நாடகத்தை யோசிப்பதும் நடத்துவதும் அவர். நடிப்பவர்கள் பொடியன், வங்கியில் வேலை பார்க்கும் நெட்டை, ஒரு மருந்துக்கடைக்காரர், அப்புறம் ஓர் அக்காவும் தங்கையும். நான் பகலில் திரைச்சீலைக் கடையில் தைக்கிறேன், சாயங்காலம் குழுவுக்கு விளக்குப் போடுகிறேன். மரச்சாமான் கிடங்கு ஒன்றின் மாடிதான் எங்கள் அரங்கம். கீழே விற்பனைக்கு இருக்கும் நாற்காலிகளையே இரவல் வாங்கிப் போடுவோம், விலைச்சீட்டு தொங்கத் தொங்க. எங்கள் நாடகங்களில் கதை என்று ஒன்றும் இருக்காது. ஒரு நாடகத்தில் ஐந்து பேரும் சேர்ந்து ஒரே ஒரு மேசைவிரிப்பை மடித்துக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான். அதைப் பார்க்க என் சித்தி வந்திருந்தாள். எல்லாம் முடிந்து ஜனங்கள் எழுந்து போகும்போது என் காதோரம் குனிந்து, "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாள்.

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் வேலை விளையாட்டு இல்லை. என் வீட்டுக்காரர் ஆட்களைத் தலைகீழாகத் தொங்கவிடுவார், மார்புவரை மணலில் புதைப்பார், கண்ணைக் கட்டி ஏணியில் ஏற்றுவார். அதனால் எங்களிடம் காவல் என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஆபத்தான காட்சியில் இருப்பவருக்கு ஓர் அடையாளம் கொடுப்போம். முடியவில்லை என்றால் அவர் அதைக் காட்ட வேண்டும். காவல் இருப்பவர் அதைப் பார்த்ததும் பெரிய விளக்கைப் போட வேண்டும். பெரிய விளக்கு எரிந்தால் நாடகம் நின்றுவிட்டது என்று அர்த்தம். எல்லோரும் ஓடிப்போய் அவரை வெளியே எடுப்பார்கள்.

முதலில் அந்த அடையாளம் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. அப்போது என்ன ஆனதென்றால், கூட நடிப்பவர்கள் அடையாளம் வருகிறதா வருகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டு நடித்தார்கள். கயிற்றைத் தளர்வாகப் பிடித்தார்கள். "பொம்மைக்குச் சோறு ஊட்டுற மாதிரி இருக்கு" என்று என் வீட்டுக்காரர் எரிந்து விழுந்தார். அதிலிருந்து ஒரு சட்டம் போட்டார். அடையாளம் என்ன என்பது ஆபத்தில் இருப்பவருக்கும் காவலுக்கும் மட்டும்தான் தெரிய வேண்டும். மற்றவர்கள் கேட்கவே கூடாது. விளக்கு மாறாதவரைக்கும் என்ன நடந்தாலும் அது நாடகம். அவன் அழுதாலும் சரி, விழுந்தாலும் சரி, யாரும் நிறுத்தக் கூடாது. வேறு குழுக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு எங்களைப் பைத்தியக்காரக் கூட்டம் என்றார்கள். ஆனால் எங்கள் மேடையில் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. காவல் எப்போதும் நான்தான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன், சார். மணல் நாடகத்தில் தங்கைக்காரி சுண்டுவிரலை மடக்க வேண்டும், அதுதான் அவளுடைய அடையாளம். அவள் முழுதாக மடக்குவதற்குள் விளக்கைப் போட்டுவிட்டேன். "நான் நினைச்சதுமே போட்டுட்டீங்களே, அக்கா" என்று மணலும் கையுமாக என்னைக் கட்டிக்கொண்டாள். பெருமைக்காகச் சொல்லவில்லை. காவல் இருந்தவரின் கவனக்குறைவு என்று உங்கள் அறிக்கையில் வரப்போவதாகச் சொன்னார்கள். என் வீட்டுக்காரரும், "கண்ணு ஒரு நொடி அசந்திருக்கும், நீ என்ன பண்ணுவ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு தேற்றுகிறார். அதைக் கேட்க எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நான் அசரவில்லை.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது பொடியனுக்குச் சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடத் தெரியாது. என் மாமியார் அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். கொஞ்ச நாள் கதவுக்குப் பின்னால் நின்று என்னை வேடிக்கை பார்த்தான், அப்புறம் என் முந்தானையை விடவில்லை. அவனுக்கு இளைப்பு இருந்தது. மூச்சு இழுக்க ஆரம்பித்தால் படுக்க முடியாது. என் தோளில் சாய்த்து உட்கார வைத்துக்கொள்வேன். அவன் நெஞ்சுக்குள் கேட்கும் சத்தத்தை வைத்தே இன்னும் எவ்வளவு தாங்குவான், எப்போது மருந்து வேண்டும் என்று சொல்லிவிடுவேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக நான் ஒருநாளும் அழுததில்லை, பொடியன் இருந்தானே.

வளர்ந்ததும் இளைப்பு விட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கிடங்குத் தூசியில் அது மறுபடி வந்தது. "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி, என்னை ஓரமா உக்கார வெச்சிடுவாரு" என்றான். நான் சொல்லவில்லை. ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் இன்ஹேலரை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் மேடை ஏறுவான். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது.

வேலை கிடைத்திருப்பதையும் முதலில் என்னிடம்தான் சொன்னான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவனாக வந்து போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"திட்டுற மாதிரி இருந்தா திட்டத்தான் செய்வேன். சொல்லு."

"வெளியூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல வேலை கிடைச்சிருக்கு. பசங்களுக்கு நாடகம் சொல்லிக் குடுக்கணும். அவளும் அங்கேயே வேலை தேடிக்கிறேன்னு சொல்றா. போய்க் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

அவள் என்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிற பெண். நல்ல பெண்தான், அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

"மூச்சு இழுத்தா அங்க யாரு பார்ப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

"அவகிட்ட சொல்லிட்டேன், அண்ணி. மருந்து எப்ப குடுக்கணும், எப்படி உக்கார வெக்கணும்னு எல்லாம் கத்துக்கிட்டா. நீங்க இனிமே நிம்மதியா இருக்கலாம்."

நல்லதுதான் என்றேன். போர்வையை மடித்து முடித்து அலமாரியில் வைத்தேன். அவனுக்குப் பசிக்கிறதா என்று கேட்டேன், வெளியே சாப்பிட்டுவிட்டேன் என்றான்.

என் கவலை குழுவைப் பற்றியது, சார். அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பொடியன் போய்விட்டால் குழு நிற்காது, குழு நின்றுபோனால் என் வீட்டுக்காரர் இடிந்துபோவார். ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? தம்பியின் முதுகில் ஒன்று வைத்து, "போயிட்டு வாடா, எத்தனை நாளைக்கு இந்தத் தூசியைத் தின்னுவ" என்றார். அதோடு விடாமல் அவனை வழியனுப்ப ஒரு நாடகமே செய்தார்.

ஊரை விட்டுக் கிளம்புகிறவன் மேடை நடுவில் நிற்பான். வழியில் குளிரும் என்று ஒருத்தி சால்வையைப் போர்த்துவாள். இது போதாது என்று இன்னொருவர் கம்பளியைக் கொண்டு வருவார். அதுவும் போதாது என்று தலைக்கு ஒரு துணி, அதன் மேல் இன்னொன்று. பாசத்தில் சுற்றிக்கொண்டே போவார்கள். கண் போகும், வாய் போகும், கை போகும். கடைசியில் கயிற்றால் கட்டி, நாலு பேரும் அவனைச் சுற்றி அணைத்துக்கொண்டு "போயிட்டு வா, போயிட்டு வா" என்று சொல்லிக்கொண்டே இறுக்குவார்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரியும். விளக்கு இறங்கும். அவ்வளவுதான் நாடகம். ஒத்திகையில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் செய்ததிலேயே எனக்குப் புரிந்த நாடகம் அது ஒன்றுதான்.

ஒத்திகைக்கு மெல்லிய பருத்தி விரிப்புகள்தான். அவர்கள் அணைத்த உடனே நான் விளக்கை இறக்கிவிடுவேன், அவர்களும் சட்டென்று பிரித்துவிடுவார்கள். அடையாளம் தேவைப்படவே இல்லை. முதல் காட்சிக்குத்தான் நிஜக் கம்பளிகள். கம்பளி நூல் மூக்கில் ஏறினால் பொடியனுக்குத் தும்மல் வரும், தும்மல் அவனை இளைப்பில் கொண்டுபோய் விடும். அதனால் தலையில் சுற்றும் துணிக்கு உள்பக்கம் மழைக்கோட்டுத் துணி வைத்துத் தைத்தேன். அந்தத் துணி உங்கள் மேசை மேல் இருக்கிறது. தையலைப் பாருங்கள், ஓரிடத்தில்கூடப் பிரிந்திருக்காது. சுற்றிப் பார்த்துவிட்டு, "மூக்கு அரிக்கல, அண்ணி" என்று சந்தோஷப்பட்டான். அதற்குள் காற்று புகாது என்பது எனக்குத் தெரியும். எந்தத் துணி என்ன செய்யும் என்பதுதானே என் பிழைப்பு.

முதல் காட்சியன்று நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் முதல் காட்சியை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கப் பயமாக இருக்கிறது என்று கீழே கிடங்கு வாசலில் போய் நின்றுகொள்வார். பொடியன் கட்டிக்கொள்ளப்போகிற அந்தப் பெண் முன்வரிசையில் இடம் பிடித்துக் கைப்பையை வைத்துவிட்டு, நான் இருந்த விளக்கு மேசைக்கு வந்தாள்.

"அண்ணி, அவருக்கு இது ஒத்துக்குமா? தலையெல்லாம் மூடுறாங்களாமே."

"இத்தனை வருஷமா அவனை யாரு பார்த்துக்கிட்டா? விளக்கு மாறாம மட்டும் எழுந்திரிச்சிடாதே. நீ எழுந்தா அவன் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

பிறகு மேடைக்குப் பின்னால் போனேன். பொடியன் முகம் கழுவப் போயிருந்தான். நாலு பேரும் கம்பளிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் நான் சொன்னது இதுதான், வார்த்தை மாறாமல் சொல்கிறேன்.

"இன்னைக்கு ஒரு சின்ன மாத்தம். மொதல்ல லேசா அணைச்சுக்கிட்டு நில்லுங்க. பொடியன் குதிகாலால ரெண்டு தட்டு தட்டுவான். அதைக் கேட்டதும் நெட்டை கயித்தை இழுத்துக் கட்டணும், எல்லாரும் இறுக்கிப் பிடிக்கணும். மறுபடி தட்டினா இன்னும் இறுக்கணும். விளக்கு இறங்குற வரைக்கும் யாரும் கையை எடுக்காதீங்க."

"அண்ணன் சொன்னாரா, அக்கா?" என்று நெட்டை கேட்டான்.

"அவருதான் சொன்னாரு."

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மருந்துக்கடைக்காரர், "நல்லா இருக்கும், கடைசியா அவனே கேட்டு வாங்கிக்கிற மாதிரி" என்றார். தங்கைக்காரிக்கு அதைக் கேட்டே கண் கலங்கிவிட்டது. அவர்கள் எல்லோருக்கும் பொடியன் என்றால் உயிர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பொடியன் முகத்தைத் துடைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்தான். இன்ஹேலரை என் உள்ளங்கையில் வைத்தான்.

"அடையாளம் என்ன, அண்ணி?"

"குதிகால். ரெண்டு தட்டு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனான்.

நான் மனசில் வைத்திருந்தது மிகச் சின்ன விஷயம். அவன் தட்டுவான். கட்டு தளராது, இறுகும். கொஞ்சம் பயந்துபோவான். வெளியூரில் இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன ஆவோம் என்று அவனுக்கே ஒரு நொடி உறைக்கும். உறைத்ததும் நான் விளக்கைப் போடுவேன், ஓடிப்போய்ப் பிரிப்பேன், தோளில் சாய்த்து மருந்தைக் கொடுப்பேன். அப்புறம் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. போகவில்லை என்று அவனே சொல்லுவான். யோசித்துப் பாருங்கள், இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நாடகம் நன்றாகப் போனது. ஒவ்வொரு கம்பளியாக ஏற ஏற மண்டபத்தில் முதலில் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பு அடங்கியது. தலைத்துணியை அக்காக்காரி சுற்றினாள். நாலு பேரும் லேசாக அணைத்துக்கொண்டு நின்றார்கள். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது, ஆனால் அவன் தோள் ஏறி இறங்குவது மாறிவிட்டதை நான் பார்த்தேன். இளைப்பு தொடங்கிவிட்டது. இன்னும் எவ்வளவு தாங்குவான் என்பதும் எனக்குத் தெரிந்தது.

குதிகால் இரண்டு முறை தட்டியது. பலகைத் தரை, அதனால் நன்றாகக் கேட்டது. நெட்டை கயிற்றை இழுத்தான், எல்லோரும் இறுக்கினார்கள். "போயிட்டு வா" என்ற குரல்கள் ஏறின. என் விரல் பெரிய விளக்கின் ஸ்விட்ச் மேல் இருந்தது. உறைக்கட்டும் என்று இருந்தேன்.

மறுபடி தட்டினான். இந்தத் தடவை வேகமாக. அவர்கள் இன்னும் இறுக்கினார்கள். அவன் உதறினான், அவர்களும் அவனோடு சேர்ந்து ஆடினார்கள், ஐந்து பேரும் ஓர் உடம்பாகத் தெரிந்தார்கள். முன்வரிசையில் அந்தப் பெண் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அப்போதே விளக்கைப் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விரல் ஸ்விட்ச் மேலேயேதான் இருந்தது. இன்னொரு தடவை கேட்கட்டும் என்று தோன்றியது.

கேட்டான். அது இரண்டு தட்டு இல்லை, ஒன்றுதான், அதுவும் இழுத்தது மாதிரி. அதற்குப் பிறகு அவன் கால்விரல்கள் தரையை விட்டுவிட்டன. அவர்கள் அத்தனை இறுக்கமாகப் பிடித்திருந்ததால் அவன் விழவில்லை. நடிப்பு முடிந்து அவன் உடம்பைத் தளர்த்திக்கொண்டான் என்று நெட்டை நினைத்தானாம். அப்படி நினைப்பதுதான் அவர்கள் பழகிய சட்டம். முடிந்துவிட்டது என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் பெரிய விளக்கைப் போடவில்லை. ஒத்திகையில் செய்தது போலவே மேடை விளக்கை நிதானமாக இறக்கினேன். கைத்தட்டல் ஓயவே இல்லை. அது ஓய்ந்து, அவர்கள் சிரித்துக்கொண்டே கம்பளிகளைப் பிரித்து, தலைத்துணிக்கு வந்தபோதுதான் தங்கைக்காரி அலறினாள். அந்த நேரமெல்லாம் இன்ஹேலர் என் இடது கையில்தான் இருந்தது.

ஆக, தைத்தது நான், பொய் சொன்னது நான், விளக்கைப் போடாதது நான். அந்த நாலு பேர் வெறும் கைகள். அவர்களை இனிமேல் கூப்பிடாதீர்கள்.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். குழுவுக்காகச் செய்தேன் என்கிறேன், ஆனால் நாலு பேரை வைத்து அடுத்த நாடகத்தை என் வீட்டுக்காரர் முன்பே முடிவு செய்துவிட்டாரே, அது எனக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியும். அதற்கான உடைகளுக்கு அளவெடுத்துத் துணிகூட வெட்டிவிட்டேன். இருந்தாலும் குழுவுக்காகத்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் வந்து உங்களிடம் அழுதாளாம், கையை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேனே என்று. அவளை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. அவள் மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள். எல்லாம் கற்றுக்கொண்டிருந்தாள், ஆனால் அந்தச் சத்தம் அவளுக்காக வந்ததில்லை. வேண்டுமென்றால் அவன் அவள் பேரைச் சொல்லிக் கத்தியிருக்கலாம், அவ்வளவு பக்கத்தில் இருந்தவளுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாம். நினைவு தப்பும்வரைக்கும் குதிகாலைத்தான் தட்டினான். அத்தனை பேர் இருந்த மண்டபத்தில் அவன் என்னைத்தான் கூப்பிட்டான், சார்.